வெளிநாட்டு மருமகளோ மருமகனோ வர்றாங்களா? விசால ஆரம்பிச்சு குடியுரிமை வரைக்கும், வட சென்னை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் தெருவுக்கு ரெண்டு பேராவது கப்பலுக்குப் போறவங்க இருப்பாங்க. அதனால கப்பல்ல கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பொண்ணை கட்டிக்கிட்டவன், மலேசியாவுக்கு வேலைக்குப் போய் அங்கயே மனசு ஒத்துப்போனவன், பெரம்பூர்ல ஆஸ்திரேலியா மாப்ளை எடுத்த குடும்பம், வியாசர்பாடி பொண்ணுக்கு யாழ்ப்பாணத்து மாப்ளைன்னு இந்தப் பக்கம் இதெல்லாம் புதுசே இல்ல. நான் தண்டையார்பேட்டைல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வெச்சிருக்கேன், அதனால இந்த ஃபாரம் எல்லாம் என் டேபிளுக்கு வந்துட்டு தான் போகும். வர்றவங்க பாதி பேர் ஒரே நெனப்புல வர்றாங்க, தாலி கட்டியாச்சு, இனி கவர்மெண்ட்டு தானா கார்டு குடுத்துரும்னு. அப்படி எதுவும் தானா வராதுங்க. எல்லாமே தேதிக்கணக்கு. கல்யாணம் என்னைக்கு பதிவாச்சு, விசா எந்த நாள்ல இருந்து எந்த நாள் வரைக்கும், நடுவுல ஒரு நாளாவது விட்டுப்போச்சா, இதை வெச்சு தான் அடுத்தடுத்த கதவு திறக்கும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நம்ம நாட்டுல பார்ட்னர் விசான்னு ஒண்ணு கிடையாது. லிவிங் டுகெதர், நிச்சயம் ஆயிருக்கு, பத்து வருஷமா லவ் பண்றோம், இது எதுக்கும் விசா இல்ல. புருஷன் பொண்டாட்டின்னு பதிவுப் பேப்பர் இருந்தா தான் கணக்கு. ஒரே பாலினத் திருமணத்தையும் 2023 அக்டோபர் 17 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் அங்கீகரிக்க மறுத்துடுச்சு, அதனால அந்த ஜோடிகளுக்கு இந்த வழி இப்போதைக்கு அடைபட்டிருக்கு. அவங்க வேலை விசா, படிப்பு விசான்னு தனித்தனியா தான் வரணும். இது நியாயமான்னு கேட்டா எனக்கு நியாயமா படல, ஆனா ஃபாரத்துல அந்தக் கட்டமே இல்ல.

முதல் படி: கல்யாணத்தை எந்தச் சட்டத்துல பதியறது

ரெண்டு பேரும் இந்துன்னா, இப்ப இலங்கைத் தமிழ் மாப்ளை மாதிரி, இந்து திருமணச் சட்டத்துலயே பதிஞ்சுக்கலாம். ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்டியனா இருந்தாலும் 1872ஆம் வருஷத்து இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டத்துல சர்ச்ல பண்ணிக்கலாம். முஸ்லிம் கல்யாணத்துக்கு நிக்காஹ் நடத்திட்டு, 2009ஆம் வருஷத்து தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்துல பதியணும். இந்த 2009 சட்டம் எல்லா மதத்துக்கும் பொது, கல்யாணம் நடந்த 90 நாளுக்குள்ள பதியணும், அதைத் தாண்டிட்டா இன்னும் 60 நாள் வரைக்கும் கூடுதல் ஃபீஸ் கட்டி பதியலாம்.

மதம் வேற வேற, இல்ல மதமே வேணாம்னா ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் 1954. வெளிநாட்டு எம்பஸிங்களும் இந்த சர்டிபிகேட்டை பெருசா கேள்வி கேக்காது. இதுல நடைமுறை என்னன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் எல்லைக்குள்ள, கல்யாணம் பண்ணப்போறோம்னு நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி 30 நாள் குடியிருந்திருக்கணும். கவனிங்க, ஒருத்தர் இருந்தா போதும். நம்ம ஆளு பொறந்ததுல இருந்து ராயபுரத்துல தான் இருக்கான், அப்போ அது முடிஞ்சுது. எந்த ஆபீஸ்னு மட்டும் மொதல்ல பாத்துக்கோங்க, ராயபுரம், திருவொற்றியூர், செம்பியம், புரசைவாக்கம்னு எல்லை பிரிஞ்சிருக்கு, ரோடுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆபீஸ் அந்தப் பக்கம் வேற ஆபீஸ்னு இருக்கும், பத்திரப்பதிவுத்துறை சைட்லயே தெருப்பேர் போட்டுத் தேடிக்கலாம்.

நோட்டீஸ் குடுத்ததும் அதை ஆபீஸ் பலகைல ஒட்டுவாங்க. 30 நாள் காத்திருக்கணும், யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு. அது முடிஞ்சு, நோட்டீஸ் குடுத்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள, 3 சாட்சியோட வந்து கையெழுத்து. 3 மாசம் தாண்டினா நோட்டீஸ் செத்துடும், மறுபடி மொதல்ல இருந்து. இதை விசா கணக்கோட சேத்துப் பாருங்க. நோட்டீஸ்லயும் கையெழுத்து வேணும், கல்யாணத்தன்னைக்கும் ஆள் வேணும், நடுவுல 30 நாள். ஒரு மாச டூரிஸ்ட் விசால பொண்ணை வரவழைச்சுட்டு, கடைசி வாரத்துல ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு அல்லாடறவங்களை வருஷா வருஷம் பாக்கறேன். குறைஞ்சது ரெண்டரை, மூணு மாசம் கையில இருக்கற மாதிரி வரச் சொல்லுங்க.

கோயில்லயோ சர்ச்லயோ ஏற்கெனவே பண்ணிட்டு அதையே ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல கொண்டு வரணும்னா அதுக்கு 15ஆம் பிரிவு இருக்கு. ஆனா அதுல ஒரு முள்ளு. ரெண்டு பேருமே அந்த எல்லைல 30 நாள் குடியிருந்திருக்கணும், ஒருத்தர் போதும்ங்கற சலுகை இங்க கிடையாது. அதுக்கப்புறமும் 30 நாள் நோட்டீஸ் உண்டு. அவசரமா போறவங்களுக்கு இந்த வழி ஒத்து வராது.

வெளிநாட்டுலயே கல்யாணம் பண்ணிட்டீங்கன்னா ரெண்டு விதம். அங்க இருக்கற இந்திய எம்பஸில 1969ஆம் வருஷத்து ஃபாரின் மேரேஜ் ஆக்ட்ல பண்றது ஒண்ணு. அந்த ஊர் சட்டப்படி பண்ணி, அந்த சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் முத்திரை (என்னன்னு அடுத்த படில சொல்றேன்) வாங்கறது இன்னொண்ணு. ரெண்டுமே செல்லும்.

இரண்டாவது படி: அங்கேருந்து வர வேண்டிய பேப்பர்

இதுல தான் ஜாஸ்தி பேர் பேஜார் ஆவறாங்க, ஏன்னா பேப்பர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு, ஆள் இந்தப் பக்கம் வந்துட்டாங்க. வெளிநாட்டு ஆளுக்கு வேண்டியது பாஸ்போர்ட், பர்த் சர்டிபிகேட், கல்யாணம் ஆகாதவர்னு ஒரு சர்டிபிகேட், முன்னாடி கல்யாணம் ஆகி பிரிஞ்சிருந்தா டைவர்ஸ் தீர்ப்பு, துணை இறந்திருந்தா டெத் சர்டிபிகேட். கல்யாணம் ஆகாதவர் சர்டிபிகேட்டுக்கு நாட்டுக்கு நாடு பேர் வேற. பிலிப்பைன்ஸ்ல செனோமார்னு சொல்வாங்க, பிரிட்டன்காரங்க சர்டிபிகேட் ஆஃப் நோ இம்பெடிமெண்ட்ன்னுவாங்க, அமெரிக்காவுல அப்படி ஒரு கவர்மெண்ட் பேப்பரே இல்லாததால அவங்களே சத்தியப்பிரமாணமா ஒரு அஃபிடவிட் எழுதிக் குடுப்பாங்க.

எந்தப் பேப்பரா இருந்தாலும் அப்போஸ்டில் வேணும். அது அந்த நாட்டு கவர்மெண்ட்டே குத்தற முத்திரை, நம்ம நாடும் 2005ல இருந்து அந்த ஒப்பந்தத்துல இருக்கு. பிலிப்பைன்ஸ் 2019ல சேந்துச்சு, சிங்கப்பூர் 2021ல. ஒப்பந்தத்துல இல்லாத நாடுன்னா, துபாய் அபுதாபி எல்லாம் அந்தக் கணக்கு தான், அந்த ஊர் வெளியுறவுத்துறை முத்திரை, அப்புறம் அங்க இருக்கற இந்திய எம்பஸி முத்திரைன்னு ஏறி வரணும். பேப்பர் வேற மொழில இருந்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் கூட. சென்னையிலயே இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா ஆபீஸ் எல்லாம் இருக்கறது நமக்கு வசதி, ஆனா எல்லா பேப்பரும் இங்கயே குடுத்துருவாங்கன்னு நம்பி டிக்கெட் போடாதீங்க, போன் பண்ணி கேட்டுட்டு போடுங்க.

ஒரு விஷயம் எழுதி ஒட்டி வெச்சுக்கலாம். பேர் ஸ்பெல்லிங். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எல்லாத்துலயும் இருக்கணும், இன்ஷியல் உட்பட. நம்ம பையன் ஆதார்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிச்சு ஒரு பேரு, மேரேஜ் சர்டிபிகேட்ல இன்னொரு பேருன்னு இருந்தா பின்னாடி ஒவ்வொரு ஆபீஸ்லயும் இதே கேள்வி வரும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டைப் அடிச்சதை கையெழுத்துக்கு முன்னாடி எழுத்து எழுத்தா படிங்க. பின்னாடி நிக்கறவன் அவசரப்படுத்தினா படுத்தட்டும்.

மூணாவது படி: எந்த விசா

இந்தியக் குடிமகனோட புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் குடுக்கற விசா என்ட்ரி விசா, எக்ஸ் விசான்னும் சொல்வாங்க, அதுல எக்ஸ்-2 பிரிவு. 5 வருஷம் வரைக்கும், எத்தனை தடவை வேணாலும் வந்து போற மாதிரி குடுக்கலாம், ஆனா எவ்வளவு குடுக்கறாங்கங்கறது எம்பஸி கையில. ஃபீஸ் நாட்டுக்கு நாடு மாறும்.

என் யோசனை, கல்யாணம் முடிஞ்சு சர்டிபிகேட் கையில வாங்கினதும், ஊருக்குப் போய் அங்க இருக்கற இந்திய எம்பஸில எக்ஸ்-2 வாங்கிட்டு திரும்பி வர்றது தான் நெருடல் இல்லாத வழி. இலங்கைன்னா கொழும்புல ஹை கமிஷன் இருக்கு, யாழ்ப்பாணத்துலயும் அம்பாந்தோட்டையிலயும் கான்சுலேட், கண்டியில உதவி ஹை கமிஷன். மனிலால எம்பஸி இருக்கு. வேணுங்கறது மேரேஜ் சர்டிபிகேட், நம்ம ஆளோட இந்திய பாஸ்போர்ட் காப்பி, அட்ரஸ் ப்ரூஃப், ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச் சதுர போட்டோ. நம்ம ஊர் ஸ்டூடியோல பாஸ்போர்ட் சைஸ்னு கேட்டா நீளமா எடுத்துக் குடுத்துருவாங்க, அது இதுக்கு ஆவாது, சதுரம்னு சொல்லிக் கேளுங்க.

டூரிஸ்ட் விசால வந்த இடத்துல கல்யாணம் ஆயிட்டா இங்கயே எக்ஸ்-2வா மாத்தச் சொல்லி மனு போடலாமான்னா, போடலாம், விதில இடம் இருக்கு. விசா உயிரோட இருக்கும்போதே கல்யாணம் பதிவாகியிருக்கணும், ரெண்டு பேரும் சேர்ந்து வாழறாங்களா, ஆள் யாரு எவருன்னு விசாரணை நடக்கும், பாதுகாப்பு அனுமதி வரணும். ஆனா ஆன்லைன்ல எடுக்கற இ-டூரிஸ்ட் விசாவுக்கு பொது விதியே நீட்டிப்பு இல்ல, மாத்தறதும் இல்லங்கறது தான். இன்னைக்கு ஜாஸ்தி பேர் வர்றது அதுல தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான்காரங்களுக்கு அதுல ஒரு தடவைக்கு 180 நாள் தொடர்ந்து இருக்கலாம், மத்த பல நாட்டுக்காரங்களுக்கு 90 நாள். அதை நம்பி இங்கயே மாத்திக்கலாம்னு திட்டம் போடறது சூதாட்டம், கல்யாணம் பண்ணிக்கற வயசுல அந்த சூதாட்டம் வேணாம்.

நாலாவது படி: வந்து இறங்கின 24 மணி நேரம்

வெளிநாட்டு ஆள் எந்த வீட்ல தங்கறாங்களோ அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் குடுக்கணும். ஃபாரம் சின்னு பழகின பேரு. ஹோட்டலுக்கு மட்டும் தான் இதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, சொந்த மாமியார் வீட்ல தங்கினாலும் உண்டு. ஃபாரம் சி போடற சைட்லயே தனி வீடுன்னு ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டு நீங்களே போட்டுக்கலாம், காசு கிடையாது.

கஷ்டம் எங்கன்னா வாடகை வீட்ல. நம்ம ஏரியால பாதி வீடு வாய்ப்பேச்சு அட்வான்ஸ், அக்ரிமெண்ட்டே இருக்காது, இருந்தாலும் 20 ரூபா பத்திரத்துல 11 மாசத்துக்கு எழுதினது. ஹவுஸ் ஓனர்கிட்ட போய் வெளிநாட்டுப் பொண்ணு வந்திருக்கு, உங்க ஐடி வேணும்னு கேட்டா போலீஸ் வரும்னு பயந்து காலி பண்ணச் சொல்றவங்களும் இருக்காங்க. அதனால பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே பேசி, வாடகை அக்ரிமெண்ட்டை ஒழுங்கா பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. சொந்த வீட்லயும் சிக்கல் உண்டு. வீடு செத்துப்போன தாத்தா பேர்ல, ஈபி கார்டு பெரியப்பா பேர்ல, ஹவுசிங் போர்டு வீடுன்னா ஒதுக்கீடு அம்மா பேர்ல. வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க ஒரு சம்மதக் கடிதம், அவங்க ஆதார் காப்பி, ஈபி பில், நம்ம ஆளுக்கும் அவங்களுக்கும் என்ன உறவுன்னு காட்டற ஒரு பேப்பர், இதை ஒரே பிடிஎஃப்பா பண்ணி வைங்க. பெரியப்பாகூட பேச்சுவார்த்தை இல்லன்னா இப்பவே சமாதானம் ஆயிடுங்க, இது கிண்டல் இல்ல.

அடுத்தது ரிஜிஸ்ட்ரேஷன். 180 நாளுக்கு மேல இருக்கப்போற விசான்னா வந்த 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓல, அதாவது வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீஸ்ல, பதியணும்னு பொதுவா விசாலயே அச்சடிச்சிருப்பாங்க. விசா ஸ்டிக்கர்ல கீழ ஒரு குறிப்பு இருக்கும், யாரும் படிக்கறதில்ல, அதைப் படிங்க, உங்களுக்கு என்ன கெடுன்னு அதுல இருக்கும். பாகிஸ்தான் பாஸ்போர்ட்காரங்களுக்கு 14 நாள் எல்லாம் கிடையாது, 24 மணி நேரம் தான்.

2018ல இருந்து இது இ-எஃப்ஆர்ஆர்ஓ சைட்ல வீட்ல இருந்தே நடக்குது. அக்கவுண்ட் திறந்து, பாஸ்போர்ட், விசா, வந்த முத்திரை, மேரேஜ் சர்டிபிகேட், அட்ரஸ் ப்ரூஃப், நம்ம ஆளோட பாஸ்போர்ட், ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்னு ஒரு கடிதம், எல்லாம் ஏத்தணும். கூப்பிட்டா மட்டும் போனா போதும், நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன். விம்கோ நகர்ல இருந்து மெட்ரோ ஏறினா ஆயிரம் விளக்குல இறங்கி அங்கேருந்து ஒரு ஆட்டோ. மெயில் பாக்கற பழக்கம் இல்லாதவங்க கெட்டாங்க, ஏன்னா இன்னொரு டாக்குமெண்ட் வேணும்னு மெயில்ல தான் கேப்பாங்க, பதில் போடலைன்னா ஃபைலை மூடிருவாங்க. கடைக்காரன் மெயில் ஐடி குடுக்காதீங்க, என் மெயில் ஐடியும் சேத்து தான் சொல்றேன், உங்க சொந்த மெயில் குடுங்க.

விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரலாம், லோக்கல் ஸ்டேஷன்ல இருந்தோ ஸ்பெஷல் பிராஞ்ச்ல இருந்தோ. பக்கத்து வீட்லயும் கேப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் வீட்ல இருக்கணும், கல்யாண போட்டோ, சர்டிபிகேட் ஒரிஜினல் எடுத்து வெச்சிருக்கணும். கப்பல்காரங்களுக்கு இது தான் இடி, புருஷன் ஒன்பது மாசம் கடல்ல இருப்பான், சேர்ந்து வாழறீங்களான்னு கேட்டா பொண்ணு மாமியாரோட நிக்கும். அப்போ அவனோட கப்பல் வேலை கான்ட்ராக்ட், சிடிசி புத்தகம் (கப்பல்ல வேலை பார்த்த பதிவு இருக்கற புத்தகம்), வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பின பேங்க் ஸ்டேட்மெண்ட், இதெல்லாம் ஃபைலோட சேத்து வைங்க. முடிஞ்சா அப்ளிகேஷனையே அவன் கரைல இருக்கற மாசத்துல போடுங்க.

நீட்டிப்பு, வேலை, ஓவர்ஸ்டே

எக்ஸ்-2 முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நீட்டிப்புக்கு இ-எஃப்ஆர்ஆர்ஓல போட்டுருங்க. பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போவுதுன்னா மொதல்ல அதைப் புதுப்பிங்க. வீடு மாறினா அதையும் அதே சைட்ல சொல்லணும், கொருக்குப்பேட்டைல இருந்து மணலிக்குப் போனாலும் தான்.

எக்ஸ் விசால இருந்துட்டு வேலைக்குப் போவக் கூடாதுன்னு தான் பொதுவான நிபந்தனை. பக்கத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் வேணும்னு கேட்டாங்க, பியூட்டி பார்லர்ல கூப்பிட்டாங்கன்னு அனுமதி வாங்காம சேர்ந்துட்டா அது விசா மீறல், நாளைக்கு ஓசிஐ (வெளிநாட்டுக்காரங்க ஆயுசுக்கும் இந்தியாவுக்கு வந்து போறதுக்கான கார்டு), குடியுரிமை ரெண்டுக்கும் குறுக்க நிக்கும்.

விசா முடிஞ்சு தங்கறதை லேசா எடுத்துக்காதீங்க. 2025 செப்டம்பர் 1ல இருந்து பழைய ஃபாரினர்ஸ் ஆக்ட் போய் இமிக்ரேஷன் அண்ட் ஃபாரினர்ஸ் ஆக்ட் 2025 வந்திருக்கு. விசா காலம் தாண்டி தங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 3 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு அதுல இருக்கு. புள்ளத்தாச்சிப் பொண்ணை என்ன பண்ணிடுவாங்கன்னு சும்மா இருந்துடறாங்க. அந்த நெனப்பு யார் தலைல விடியும்னு அடுத்து சொல்றேன்.

குழந்தை

2004 டிசம்பர் 3க்கு அப்புறம் இந்தியாவுல பொறக்கற குழந்தைக்கு பொறப்பால குடியுரிமை வேணும்னா, அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும், இல்ல ஒருத்தர் இந்தியர், இன்னொருத்தர் சட்டவிரோதமா குடியேறினவரா இருக்கக் கூடாது. விசா காலம் தாண்டி தங்கினவங்களும் அந்த சட்டவிரோதப் பட்டியல்ல தான் வருவாங்க. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரில பிரசவம், கார்ப்பரேஷன்ல பர்த் சர்டிபிகேட், அப்பா ராயபுரத்துக்காரன், எல்லாம் சரி, ஆனா குழந்தை பொறந்த அன்னைக்கு அம்மாவோட விசா செத்துப்போயிருந்தா குழந்தையோட குடியுரிமையே கேள்விக்குறி ஆயிடும். இதைத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. பிரசவ தேதிக்கு முன்னாடி விசா முடியுதுன்னா, வளைகாப்பு ஏற்பாட்டுக்கு முன்னாடி நீட்டிப்பு அப்ளிகேஷன் போடுங்க.

வெளிநாட்டுல பொறந்தா ஒரு வருஷத்துக்குள்ள அங்க இருக்கற இந்திய எம்பஸில பதியணும், அந்தக் குழந்தைக்கு வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். ரெண்டு பாஸ்போர்ட்டும் வெச்சுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அஞ்சாவது படி: ஓசிஐ கார்டு

பெரும்பாலான குடும்பத்துக்கு நிம்மதி வர்ற இடம் இது தான். கல்யாணம் பதிவாகி, அப்ளிகேஷன் போடற நாளுக்கு முன்னாடி தொடர்ந்து 2 வருஷமாவது நீடிச்சிருந்தா வெளிநாட்டுத் துணைக்கு ஓசிஐ கேக்கலாம், குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு. ஊரைக் கூட்டி கல்யாணம் பண்ணி நாலு வருஷம் ஆச்சு, பதிஞ்சது போன வருஷம் தான்னா, அந்த நாலு வருஷத்தைக் காட்ட முடியாது. அதான் மொதல் படில பதிவைப் பத்தி அவ்ளோ நேரம் பேசினேன். பாஸ்போர்ட் எந்த நாடா இருந்தாலும், ஆளோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ, அதுக்கு மேல பூட்டன் பூட்டியோ எப்பவாவது பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களா இருந்திருந்தா ஓசிஐ கிடையாது.

அப்ளிகேஷன் ஓசிஐ சர்வீசஸ் சைட்ல. பார்ட் ஏ, பார்ட் பின்னு ரெண்டு. இந்தியாவுல இருந்து போட்டா 15,000 ரூபா, வெளிநாட்டுல இருந்து போட்டா 275 டாலர். மேரேஜ் சர்டிபிகேட், நம்ம ஆளோட இந்தியக் குடியுரிமைக்கு ஆதாரம், வெளிநாட்டு பாஸ்போர்ட், இப்போ இருக்கற விசா, சதுர போட்டோ, கையெழுத்து ஸ்கேன். ஒரிஜினல் சரிபார்ப்புக்கும், தேவைப்பட்டா ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கேள்வி கேக்கறதுக்கும் கூப்பிடுவாங்க. எப்போ சந்திச்சீங்க, கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு கேட்டா ரெண்டு பேர் பதிலும் ஒத்துப்போகணும். துணைக்குன்னா பாதுகாப்பு அனுமதி கட்டாயம், அதுக்கு மாசக்கணக்குல ஆவும், அது வரைக்கும் எக்ஸ்-2 உயிரோட இருக்கணும். ஓசிஐ போட்டுட்டோம்னு விசா நீட்டிப்பை விட்டுடாதீங்க.

வந்துட்டா என்ன லாபம்? ஆயுசுக்கும் வந்து போலாம், எஃப்ஆர்ஆர்ஓ ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், வேலைக்குப் போலாம், வீடு ஃபிளாட் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, அதனால பொன்னேரி பக்கம் நஞ்சை நிலம் பொண்டாட்டி பேர்ல போடலாம்ங்கற திட்டத்தை மடிச்சு வெச்சுருங்க. ஓட்டு கிடையாது, கவர்மெண்ட் வேலை கிடையாது. 2021 மார்ச் 4 அறிவிப்புப்படி பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மதப்பிரச்சாரம், மலையேற்றம் இதுக்கெல்லாம் தனியா அனுமதி வாங்கணும்.

துணைங்கற முறைல வாங்கின ஓசிஐ அந்தக் கல்யாணத்தோட கட்டிப்போட்டது. கோர்ட்ல டைவர்ஸ் ஆயிட்டா, இல்ல அந்தக் கல்யாணம் இருக்கும்போதே வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா, கார்டை ரத்து பண்ணலாம்னு 7டி பிரிவு சொல்லுது. ஒவ்வொரு தடவை பாஸ்போர்ட் புதுசாகும்போதும் 3 மாசத்துக்குள்ள புது பாஸ்போர்ட் காப்பி, புது போட்டோ, கூடவே கல்யாணம் இன்னும் நீடிக்குதுன்னு ஒரு உறுதிமொழி, நம்ம ஆளோட பாஸ்போர்ட் காப்பி எல்லாம் அதே சைட்ல ஏத்தணும்.

நடுவுல ஆதாரைப் பத்தியும் ஒரு வரி. கடைசி 12 மாசத்துல 182 நாள் இங்க இருந்திருந்தா வெளிநாட்டுக்காரங்களும் ஆதார் எடுக்கலாம், ஆனா விசா எவ்ளோ நாளோ ஆதாரும் அவ்ளோ நாள் தான். ஓசிஐக்கு 10 வருஷம். பேங்க், கேஸ், சிம் எல்லாத்துக்கும் இது உதவும். ஆதார் வந்துட்டா இந்தியக் குடிமகள் ஆயிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல.

ஆறாவது படி: குடியுரிமை, வேணும்னா மட்டும்

இந்தியரைக் கல்யாணம் பண்ணவங்களுக்கு குடியுரிமைச் சட்டம் 5(1)(சி) பிரிவுல பதிவு மூலமா குடியுரிமை. 7 வருஷம் இங்க குடியிருந்திருக்கணும். அந்த 7ஐ சட்டம் எப்படி எண்ணுதுன்னா, அப்ளிகேஷனுக்கு முன்னாடி கடைசி 12 மாசம் விடாம இங்க இருக்கணும், அதுக்கு முந்தின 8 வருஷத்துல மொத்தமா 6 வருஷம் இருந்திருக்கணும். அதனால நடுவுல ஊருக்குப் போய் அம்மாவைப் பாத்துட்டு வர்றதுக்கு இடம் இருக்கு, கடைசி ஒரு வருஷம் மட்டும் எங்கயும் போவாம உக்காரணும். தவிர்க்க முடியாத காரணம்னா அந்தக் கடைசி வருஷத்துல 30 நாள் வரைக்கும் கவர்மெண்ட் விலக்கு குடுக்கலாம், ஆனா அதை நம்பி டிக்கெட் போடாதீங்க.

இன்னொரு வாசல் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. 5(1)(ஜி). ஓசிஐ கார்டு வாங்கி 5 வருஷம் ஆயிருந்து, அப்ளிகேஷனுக்கு முன்னாடி 12 மாசம் இங்க குடியிருந்தா போதும். கல்யாணப் பதிவுல இருந்து 2, ஓசிஐல இருந்து 5ன்னு கூட்டினா இதுவும் 7 தான் வரும், ஆனா அந்த வருஷங்கள்ல பாதி நேரம் வெளிநாட்டுல புருஷனோட இருந்தவங்களுக்கு இது தான் ஒத்து வரும். கப்பல், துபாய் குடும்பங்க இதைக் குறிச்சுக்கோங்க.

ஆன்லைன்ல போட்டு, கலெக்டர் ஆபீஸ்ல பேப்பர் சரிபார்ப்பு. சென்னை மாவட்டம்னா பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. திருவொற்றியூர், மாதவரம் பக்கம் 2018ல சென்னை மாவட்டத்தோட சேந்துடுச்சு, பழைய ஞாபகத்துல திருவள்ளூருக்கு ஓடாதீங்க, மீஞ்சூர், பொன்னேரிக்காரங்க தான் அங்க போவணும். அப்புறம் உளவுத்துறை விசாரணை, டெல்லி வரைக்கும் ஃபைல் போய் வரும். சரின்னு வந்ததும் பழைய நாட்டுக் குடியுரிமையைத் துறந்ததுக்கு ஆதாரம் குடுத்து, விசுவாச உறுதிமொழி எடுக்கணும். பழைய நாடு ரெண்டு குடியுரிமை வெச்சுக்க விட்டாலும் நம்ம நாடு விடாது.

எல்லாருக்கும் இது தேவையான்னா, எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல பாதிக்கு மேல ஓசிஐயோட நிறுத்திக்கிட்டாங்க. பொண்ணோட அம்மா அப்பா அங்க வயசாகி இருக்காங்க, அவசரத்துக்கு ஓடணும்னா சொந்த நாட்டுக்கே விசா எடுத்து நிக்கணுமான்னு ஒரு பக்கம். ஓட்டுப் போடணும், குடும்ப நிலத்தைத் தன் பேர்லயும் வாங்கணும், டைவர்ஸ் வந்தா கார்டு போயிடுமோங்கற பயம் வேணாம்னு நெனக்கறவங்களுக்கு குடியுரிமை தான் சரி. இதை அந்தப் பொண்ணு முடிவு பண்ணணும், மாமியார் இல்ல.

புழல், கும்மிடிப்பூண்டி முகாம்ல இருந்து சம்பந்தம்னா

மேல சொன்னது எல்லாம் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கி ஏர்போர்ட் வழியா வந்தவங்களுக்கு. படகுல வந்து முகாம்ல பதிஞ்ச இலங்கைத் தமிழர் கதை வேற. பேப்பர் இல்லாம வந்தவங்கன்னு சட்டம் அவங்களை சட்டவிரோதக் குடியேறிகளா பாக்குது, அதனால இந்தியரைக் கட்டிக்கிட்டாலும் 5(1)(சி) வாசல் திறக்க மாட்டேங்குது, பொறக்கற குழந்தைக்கும் மேல சொன்ன அதே சிக்கல். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல சலுகை குடுத்த நாடுகள் பட்டியல்லயும் இலங்கை இல்ல. 2025ல வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழருக்கு தண்டனைல இருந்து விலக்கு குடுக்குது. அது குடியுரிமை இல்ல, ஜெயில் பயம் இல்லங்கறது மட்டும் தான்.

ஆனா ஒரு விஷயத்தைப் பாருங்க. இந்தியாவுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தவங்க, அப்பா அம்மா யாரா இருந்தாலும் பொறப்பாலயே இந்தியக் குடிமக்கள். முகாம்ல பொறந்திருந்தாலும் தான். அப்படிப்பட்டவங்களுக்கு விசாவே தேவையில்ல, பொறந்த இடத்துக்கான பர்த் சர்டிபிகேட்டைத் தேடி எடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. அந்தத் தேதிக்கு அப்புறம் பொறந்தவங்க, இல்ல சின்ன வயசுல வந்தவங்கன்னா இது ஜெராக்ஸ் கடைல முடியற வேலை இல்ல, வக்கீல் வேணும். ஹைகோர்ட் வளாகத்துல இருக்கற மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டுன்னு 1987ஆம் வருஷத்துச் சட்டத்துலயே இருக்கு. முகாம் பதிவு அட்டை, கல்யாணப் பதிவு, குழந்தையோட பர்த் சர்டிபிகேட், மூணையும் எடுத்துட்டு போங்க.